மற்றும் மனைவி

நியூ ஜெர்சியில் ஏதாவதொரு கவுன்டியின் பழைய பத்திர அட்டவணையைப் புரட்டினால், அதில் அடிக்கடி வரும் பெண்ணுக்குப் பெயர் இருக்காது. கணவனின் குடும்பப் பெயர் இருக்கும், அவனுடைய முதல் பெயர் இருக்கும், பின்னால் ‘எட் உக்ஸ்’ என்று ஒரு ஒட்டு இருக்கும். ‘எட் உக்ஸோர்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. ‘மற்றும் மனைவி’ என்று பொருள். எந்த மனைவி, யார் வீட்டுப் பெண், எழுதப் படிக்கத் தெரிந்தவளா என்பதெல்லாம் அட்டவணைக்கு வேண்டாத சங்கதி.

டைட்டில் நிறுவனங்களுக்காகச் சொத்துப் பத்திரங்களைத் தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. நம்மூரில் வில்லங்கம் பார்ப்பது என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஒரு வீடு கைமாறும் முன் அதன் பத்திரச் சங்கிலியை வழக்கமாக 60 ஆண்டுகள் பின்னோக்கிப் பார்ப்போம். சில நிலங்களுக்கு 150 ஆண்டுகள்கூடப் போகவேண்டி வரும். மதுரையில் தமிழ் இலக்கியம் படித்தவள் நான். அந்தப் படிப்பு இங்கே எதற்கு உதவும் என்று கேட்காத உறவினர் இல்லை. உதவத்தான் செய்கிறது. பத்திரமும் ஒரு பிரதிதான். அதில் பேசுபவர் யார், யார் பேசியதாக இன்னொருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இந்தப் புத்தகங்களைப்போல் பெண்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் புத்தகங்கள் குறைவு.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொத்துப் பத்திரத்தைப் பதிவது கவுன்டியின் வேலை. நியூ ஜெர்சியில் பெரும்பாலான கவுன்டிகளில் கவுன்டி கிளார்க் அலுவலகம் அதைச் செய்கிறது. சிலவற்றில் அதற்கென்று தனிப் பதிவாளர் உண்டு. கிளார்க் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆள், பதவிக்காலம் 5 ஆண்டுகள். நம் சார்பதிவாளர் அலுவலகத்தைப்போல இரு தரப்பும் வரிசையில் நின்று, புகைப்படம் எடுத்து, விரல்ரேகை வைக்கும் காட்சி இங்கே கிடையாது. நோட்டரி முன்னால் கையெழுத்தான தாள் தபாலிலோ இணையம் வழியாகவோ வந்து சேரும். படிவம் சரியா, கையெழுத்துக்குக் கீழே பெயர் தெளிவாக இருக்கிறதா, கட்டணம் வந்ததா என்று பார்த்துப் புத்தக எண்ணும் பக்க எண்ணும் கொடுத்துவிடுவார்கள். சொத்து உண்மையில் இவருடையதுதான் என்று கிளார்க் உறுதி சொல்வதில்லை. பதிந்த பின் அது பொது ஆவணம். தெருவில் போகிற யாரும் வந்து படிக்கலாம்.

பதியாத பத்திரம் செல்லாது என்பதும் இல்லை. எழுதியவருக்கும் பெற்றவருக்கும் இடையே அது செல்லும். ஆனால் அப்படி ஒரு பத்திரம் இருப்பது தெரியாமல் காசு கொடுத்து வாங்கி, முந்திக்கொண்டு பதிந்துவிட்ட மூன்றாம் ஆளுக்கு எதிராக நிற்காது. இந்த விதியில்தான் முழு ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. பதிவேடு அடுத்து வாங்கப்போகிறவருக்காக எழுதப்படுவது. அவரே அதன் வாசகர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அதில் பெண்கள் எங்கே வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்பது விளங்கும்.

அட்டவணை இரண்டு. எழுதிக் கொடுப்பவர் பெயரில் ஒன்று, எழுதிப் பெறுபவர் பெயரில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டுத் தொகுதிகளில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். நிலம் வாங்கும்போது பெரும்பாலும் ஆண் தனியாக இருக்கிறான். விற்கும்போது ‘மற்றும் மனைவி’ வந்துவிடுகிறாள். வாங்கும்போது இல்லாதவள் விற்கும்போது எங்கிருந்து வந்தாள்?

ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின்படி கல்யாணமான பெண் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் இல்லை. கணவனின் நிழலுக்குள் போய்விடுகிறாள். கவர்ச்சர் என்று இந்த நிலைக்குப் பெயர். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலத்தின் விளைச்சலும் வாடகையும் கணவன் கைக்குப் போகும். அவளால் தன் பெயரில் ஒப்பந்தம் எழுத முடியாது. இதற்கெல்லாம் ஈடாக ஒன்று கொடுத்தார்கள். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை. இதை டவர் என்பார்கள். கணவன் நிலத்தை விற்றாலும் இந்த உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். பத்து வருஷம் கழித்து விற்றவன் செத்தால், விதவை வந்து வாங்கியவன் வாசலில் நின்று என் மூன்றில் ஒன்று எங்கே என்று கேட்கலாம். எந்த வாங்குபவன் இதைப் பொறுப்பான்? ஆகவே அவளையும் அழைத்து, உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கினார்கள். அவள் பதிவேட்டுக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். உடைமைக்காரியாக வரவில்லை. அகற்றப்பட வேண்டிய வில்லங்கமாக வருகிறாள்.

எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அவளைப் பற்றி ஒரு தனிப் பத்தி இருக்கும். நியூ ஜெர்சியின் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களில் நான் அதிகம் படித்த பத்தி இதுவாகத்தான் இருக்கும். அதன் சாரம்: இன்னாருடைய மனைவியாகிய இன்னாளைக் கணவரை விட்டுத் தனியே அழைத்து விசாரித்தோம், கணவரிடம் பயமோ, அவருடைய மிரட்டலோ வற்புறுத்தலோ இல்லாமல் தன் சொந்த விருப்பத்தின் பேரில் இதில் கையெழுத்திட்டதாக அவள் ஒப்புக்கொண்டாள். இப்படி எழுதிக் கீழே ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். பக்கத்து மாநிலமான நியூ யார்க் 1771இலேயே இத்தகைய தனி விசாரணையைச் சட்டத்தில் எழுதி வைத்தது.

இந்தப் பத்தியை முதன்முதலில் படிக்கும் பெண்கள் பெரும்பாலும் நெகிழ்ந்துவிடுவார்கள். அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்களே என்று. வரலாற்றாசிரியர் மேரிலின் சால்மன் தொடக்ககால அமெரிக்காவில் பெண்களும் சொத்துச் சட்டமும் பற்றி 1986இல் வெளியிட்ட நூலில், இந்த விசாரணையை முறையாகக் கடைப்பிடித்த இடங்களில், அசட்டையாக இருந்த இடங்களைவிட மனைவியின் நிலை மேலாக இருந்தது என்று வாதிடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவர் சொல்வது சரி. கேட்காததைவிடக் கேட்டது மேல். ஆனால் பதிவேடுகளை வரிசையாகப் படிக்கிறவளுக்கு வேறு சில விஷயங்களும் தெரிகின்றன.

ஒன்று, இந்தப் பத்தி ஒரு வாக்குமூலம். கணவன் மனைவியை மிரட்டுவான் என்பது சட்டத்துக்குத் தெரியும். எல்லாக் கணவன்மாரும் மிரட்டக்கூடும் என்று எண்ணித்தான் எல்லா மனைவியரையும் தனியே அழைத்துக் கேட்கச் சொன்னது. ஊரறிந்த பெரிய மனிதரின் பத்திரத்திலும் இந்தப் பத்தி உண்டு. குடும்பம் அன்பின் கூடாரம் என்று பிரசங்க மேடைகள் முழங்கிய அதே காலத்தில், கவுன்டி அலுவலகம் பக்கத்துக்குப் பக்கம் பயம், மிரட்டல், வற்புறுத்தல் என்று எழுதிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் இருக்கும் பயத்தைப் பற்றி அரசாங்கத் தாளில் இவ்வளவு காலம் இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் பயத்தைச் சந்தேகித்த அந்தச் சட்டம் எங்குமே பயத்தைக் கண்டதில்லை. பதில் எப்போதும் ஒன்றே. வாசகம் அச்சடித்த படிவத்தில் தயாராக இருக்கும். பெயரையும் தேதியையும் நிரப்பினால் போதும். ‘இல்லை, அவர் அடிப்பார் என்று பயந்துதான் வந்தேன்’ என்று ஒருத்தி சொல்லியிருந்தால் அந்தப் பத்திரம் பதிவாகியிருக்காது. பதிவாகாதது நம் கைக்கு வராது. ஆக, இந்த அலமாரிகளில் இருப்பது சம்மதங்களின் தொகுப்பு மட்டுமே. மறுத்தவளைத் தேட அட்டவணையே இல்லை. ஆவணக் காப்பகம் பெண்களை மறைக்கிறது என்று பொதுவாகச் சொல்வோம். இங்கே அவர்கள் மறைக்கப்படவில்லை. ஒரே ஒரு சொல்லைச் சொல்வதற்காக மட்டும் மேடைக்கு அழைத்துவரப்பட்டிருக்கிறார்கள்.

கேட்டவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். நீதிபதியோ ஆணையரோ, பெரும்பாலும் ஓர் ஆண். சிறிய ஊரில் அவர் கணவனுக்குத் தெரிந்தவராகவும் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்பார். கதவு திறந்ததும் அவள் அதே கணவனோடு அதே வண்டியில் வீட்டுக்குப் போகவேண்டும். விருப்பத்தோடு கையெழுத்துப் போட்டாயா என்பதுதான் கேள்வி. போடாவிட்டால் உனக்குப் போக்கிடம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அந்தச் சான்று யாருக்குப் பயன்பட்டது? பிற்பாடு அவளே வந்து நான் பயந்துதான் போட்டேன் என்று சொன்னால், ஒழுங்காக எழுதிய சான்று வாங்கியவர் பக்கம் நின்றது. கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது. பதில் வாங்குபவருக்காகப் பத்திரப்படுத்தப்பட்டது.

நியூ ஜெர்சிக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1776ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, 50 பவுண்டு சொத்துள்ள எல்லாக் குடிவாசிகளுக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆண் என்று எழுதவில்லை. 1790களின் தேர்தல் சட்டங்களில் ‘அவன் அல்லது அவள்’ என்றே இருந்தது. கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் வாக்களித்தார்கள். கல்யாணமானவளால் முடியவில்லை; தடை எழுதப்பட்டிருந்ததால் அல்ல, அவளுக்கென்று 50 பவுண்டு இருக்கச் சட்டத்தில் வழியே இல்லாததால். 1807இல் சட்டமன்றம் வாக்குரிமையை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. சொத்துப் பத்திரம் வெறும் பணச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த 31 ஆண்டுகளை நினைவூட்டுவேன்.

மனைவியர் தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டம் இங்கே 1852இல் வந்தது. நியூ யார்க்கில் 1848. இந்தச் சட்டங்களைப் பெண் விடுதலையின் படிக்கட்டுகளாகச் சொல்வது வழக்கம். எர்னஸ்டீன் ரோஸ் 1836இல் நியூ யார்க்கில் வீடுவீடாக ஏறி இறங்கிச் சேகரிக்க முடிந்த கையெழுத்துகள் ஐந்தோ ஆறோதான். அங்கிருந்து தொடங்கிய போராட்டத்தை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் முதல் சட்டம் என்று பெயர்பெற்றது மிசிசிப்பியில் 1839இல் வந்தது, அதன் பெரும்பகுதி அடிமைகளைப் பற்றியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பெட்சி லவ் என்ற சிக்கசா பழங்குடிப் பெண்ணின் வழக்கில், சிக்கசா வழக்கப்படி மனைவியின் சொத்து தனி, கணவனின் கடனுக்கு அதைப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தச் சொத்து ஓர் அடிமை மனிதர். மனைவிக்குச் சொத்துரிமை வந்த கதையில், சொத்தாக எழுதப்பட்டவர்களின் கதையும் அதே பக்கத்தில் இருக்கிறது. கொண்டாடும்போது அந்த வரியைத் தாண்டிப் போகிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொரு வரியையும் போகிறபோக்கில் சொல்லவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிப் பத்திரங்களில், இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதார் வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்ற நிபந்தனை நாட்டின் பல பகுதிகளில் வரும். பல பத்திரங்களில் அதற்கு ஒரு விலக்கும் உண்டு: வீட்டு வேலையாட்கள் நீங்கலாக. சமையலறையில் நின்ற கறுப்பினப் பெண்ணுக்காக எழுதிய விலக்கு. 1948இல் ஷெல்லி வழக்கில் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968இன் வீட்டுவசதிச் சட்டம் அவற்றைச் சட்டவிரோதமாக்கியது. தாள்கள் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன.

அட்டவணைக்குத் திரும்புகிறேன். அது குடும்பப் பெயரை வைத்து ஓடுகிறது. குடும்பப் பெயர் மாறாதவர்களை நூல் பிடித்ததுபோல் பின்தொடரலாம். கல்யாணத்தில் பெயர் மாறுகிறவள் நடுவழியில் காணாமல் போகிறாள். அவள் எந்தப் பெயரில் மறுபடி வருகிறாள் என்பதைத் திருமணப் பதிவிலோ உயிலிலோ போய்த்தான் கண்டுபிடிக்கவேண்டும். இந்தக் கரையில் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1664இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை இது டச்சுக்காரர்களின் நியூ நெதர்லாந்து. டச்சு வழக்கில் பெண்கள் கல்யாணத்துக்குப் பின்னும் தம் பெயரிலேயே வணிகம் செய்யலாம், சொத்து வைத்துக்கொள்ளலாம். மார்கரெட் ஹார்டன்ப்ரூக் என்ற கப்பல் வணிகர் அப்படி வாழ்ந்தவர். கொடி மாறியதும் அவர் வாழ்ந்த ஊர் மாறவில்லை, வணிகம் மாறவில்லை. தன் பெயரில் நிலம் வாங்கும் உரிமை மட்டும் போய்விட்டது.

நம் பெண்கள் இந்த அட்டவணைக்குள் வரும்போது நடப்பது தனிக் கூத்து. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தலைப்பெழுத்துதான். கடவுச்சீட்டுக்காக அப்பா பெயரையோ கணவர் பெயரையோ கடைசிப் பெயராக்குகிறோம். ஒற்றைப் பெயரோடு வந்தவளுக்கு விசாவில் ‘எஃப்என்யூ’ என்று முதல் பெயர் விழுகிறது. முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அது ஓட்டுநர் உரிமத்துக்குப் போய், அங்கிருந்து வேறு தாள்களுக்கும் பரவுகிறது. ஒரே பெண்ணை ஒரு பத்திரத்தில் அப்பா பெயரின் கீழும், அடமானத்தில் கணவர் பெயரின் கீழும், இன்னொன்றில் தலைப்பெழுத்தை விரித்தும் பார்த்திருக்கிறேன். கணவருடைய பெயரும் இதே வில்லங்கத்தில் மாட்டுவதுண்டு என்றாலும், அவர் வழக்கமாக ஒரே வடிவத்தில் நின்றுவிடுவார். சம்பளச் சீட்டு அவருடைய பெயரை நிலைநிறுத்திவிடுகிறது.

சம்பளச் சீட்டு என்றதும் சொல்லவேண்டியது, நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம்: ‘எனக்கு வருமானம் இல்லையே, அதனால் வீடு அவர் பெயரில்தான் வாங்க முடிந்தது.’ எச்4 விசாவில் வந்து வேலை பார்க்க அனுமதி இல்லாமல் இருந்த பெண்கள் பலர் இதை முழுமையாக நம்புகிறார்கள். உண்மை அதுவல்ல. கடன் பத்திரம் வேறு, கிரயப் பத்திரம் வேறு. வங்கி யார் வருமானத்தைப் பார்க்கிறதோ அவர் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார். வீட்டுக்கு உரிமையாளர் யார் என்பதை எழுதுவது இன்னொரு தாள். அதில் வருமானம் இல்லாத மனைவியின் பெயரும் வரலாம், அவள் எந்த விசாவில் இருந்தாலும். கேட்கத் தெரியாததால் விட்டுப்போனது அது.

தலைகீழாகவும் நடக்கிறது. ஏற்கெனவே இருவர் பெயரிலும் இருக்கும் வீட்டின் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றும்போது, தாள் கட்டுக்கு நடுவே ஒரு குவிட்கிளைம் பத்திரம் வரும். நம்மூர் விடுதலைப் பத்திரத்தின் உடன்பிறப்பு அது; எனக்கு இதில் உள்ள பாத்தியத்தை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதுவது. அண்ணன் தம்பிகளுக்கு விடுதலை எழுதிக் கொடுத்துப் பழகிய கை, இங்கேயும் கேள்வி கேட்காமல் போடுகிறது. கிரயத் தொகை ஒரு டாலர். சில சமயம் ஒரு டாலரும் அன்பும் பாசமும். 100 டாலருக்குக் குறைவான கிரயத்துக்கு நியூ ஜெர்சியில் கைமாற்றுக் கட்டணமும் கிடையாது, ஆகவே செலவில்லாத காரியம். கடன் முடிந்ததும் உன் பெயரைத் திருப்பிச் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள். சேர்த்த பத்திரத்தைத் தேடினால் பல வேளை அகப்படாது. இதில் கொடுமை என்னவென்றால், வீட்டிலிருந்து பெயரை எடுக்கும் அந்தத் தாள் பழைய கடனிலிருந்து யார் பெயரையும் எடுப்பதில்லை. கடனில் கையெழுத்துப் போட்டவள் போட்டவள்தான்.

பத்திர மொழியில் அன்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். பணம் கைமாறும் இடத்தில் வருவதில்லை. பணம் வராத இடத்தில், அதற்குப் பதிலாக எழுதப்படுகிறது. அம்மா மகளுக்கு எழுதினாலும் அதே சொல், மனைவி கணவனுக்கு விட்டுக்கொடுத்தாலும் அதே சொல். இரண்டும் ஒரே அன்பா என்று பிரித்துச் சொல்லப் பத்திரத்துக்குச் சொல் இல்லை. பழைய தனி விசாரணை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இன்று நோட்டரி கேட்பது அடையாள அட்டையை. கணவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

எழுதி வைக்காதது அவள் தவறு என்று சொல்வது சுலபம். இந்த வாதம் ஒருமுறை உச்ச நீதிமன்றம்வரை போனது. லூசியானாவில், அங்கே கவுன்டிக்குப் பதில் பேரிஷ் என்பார்கள், கணவனைக் குடும்பத்தின் தலைவனும் எஜமானனும் என்று சட்டமே அழைத்தது. இருவருக்கும் பொதுவான வீட்டை அவன் மனைவியிடம் சொல்லாமல் அடமானம் வைக்கலாம். 1974இல் ஒரு பெண் தன் கணவன்மேல் குற்றப் புகார் கொடுத்தார். தன் வழக்கறிஞருக்குக் கொடுக்கவேண்டிய 3,000 டாலருக்காக, அவன் அந்த வீட்டையே வழக்கறிஞரிடம் அடமானம் வைத்தான். அவளுக்கெதிராக வழக்காட அவளுடைய வீட்டிலிருந்தே பணம். வீடு பறிபோகும் என்று வழக்கறிஞர் மிரட்டியபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. கிர்ச்பெர்க் எதிர் ஃபீன்ஸ்ட்ரா என்ற அந்த வழக்கில் எதிர்வாதம் இதுதான்: என் சம்மதம் இல்லாமல் அடமானம் வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பைப் பதிந்து வைக்க மனைவிக்குச் சட்டம் வழி கொடுத்திருந்ததே, ஏன் பதியவில்லை? 1981இல் ஒன்பது நீதிபதிகளும் இதை ஏற்கவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு படிவம் இருப்பதால் பாரபட்சம் நியாயமாகிவிடாது என்றார்கள். அதற்குள் லூசியானாவும் சட்டத்தை மாற்றிவிட்டது.

1981! என் அம்மாவுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். அமெரிக்கப் பெண்கள் எப்போதோ எல்லாம் பெற்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த வருஷத்தைச் சொல்வேன்.

நியூ ஜெர்சியில் டவர் 1980இல் ஒழிந்தது. அந்த ஆண்டு மே 28க்குப் பின் வாங்கிய குடியிருப்பு வீடானால், பத்திரத்தில் பெயர் இல்லாத மனைவிக்கும் கணவனுக்கும் அதில் சேர்ந்து குடியிருக்கும் உரிமை உண்டு. அவர்கள் சம்மதம் இல்லாமல் அதை மறுக்க முடியாது. ஆகவே இன்றும் விற்கும்போது பெயரில்லாத மனைவியை அழைத்துக் கையெழுத்து வாங்குகிறோம். அந்தப் பழைய வாசல்தான். விவாகரத்து வந்தால் கல்யாணத்துக்குப் பின் வாங்கிய வீடு யார் பெயரில் இருந்தாலும் பங்கிடப்படும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் சாவுக்கு உதவாது. உயில் எழுதாமல், பிள்ளையில்லாமல் கணவர் போய்ச் சேர்ந்து, ஊரில் அவருடைய பெற்றோர் இருந்தால், அவர் பெயரில் மட்டும் இருந்த வீட்டில் அவர்களுக்கும் பங்கு போகும். துக்கம் கேட்க வந்த இடத்தில் மாமனார் கையெழுத்துக்கு அலைவது எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இருவரும் ‘கணவன் மனைவியாக’ வாங்கினார்கள் என்று பத்திரத்தில் இருந்தால் வேறு கதை. 1988இன் சட்டப்படி ஒருவர் மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தன் பங்கைக் கைமாற்ற முடியாது. ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் மற்றவருக்கு. பெயர்களுக்குப் பின்னால் வரும் அந்த இரண்டு சொற்களை வழக்கறிஞர் விட்டுவிட்டாரா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ‘மற்றும் மனைவி’ என்று ஒரு காலத்தில் பெயரை விழுங்கிய அதே ஒட்டு, இரண்டு பெயரும் முழுதாக எழுதப்பட்ட இடத்தில் காவலாக மாறியிருக்கிறது. சொற்களின் விதி அப்படி.

பார்ப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்பதுதான் இந்த அலுவலகத்தின் நல்ல பக்கம். பெரும்பாலான கவுன்டிகளில் இணையத்திலேயே தேடலாம். வீட்டு முகவரியை வைத்துத் தேடாதீர்கள்; அட்டவணை பெயரில் ஓடுகிறது. உங்கள் பெயரைக் கடைசிப் பெயர் முன்னால் வரும்படி போடுங்கள், பிறகு முதல் பெயரைக் கடைசிப் பெயராக மாற்றிப் போடுங்கள், அப்பா பெயரில் போடுங்கள், கணவர் பெயரில் போடுங்கள், எஃப்என்யூ போட்டும் பாருங்கள். எழுதிப் பெறுபவர் பட்டியலில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு எழுதிக் கொடுப்பவர் பட்டியல். அங்கே உங்கள் பெயர் இருந்தால் புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு அந்தத் தாளைத் திறந்து முழுவதும் படியுங்கள், ஒரு டாலர் என்ற வரியிலிருந்து நோட்டரி முத்திரைவரை.

பல கவுன்டிகள் இப்போது மோசடியைத் தடுக்க ஓர் இலவச வசதி வைத்திருக்கின்றன. ஒரு பெயரைக் கொடுத்து வைத்தால், அந்தப் பெயரில் ஏதாவது பத்திரம் பதிவானதும் மின்னஞ்சல் வரும். உங்கள் பெயரின் நான்கு வடிவங்களையும் கொடுங்கள். கணவர் பெயரையும் சேர்த்துக் கொடுக்கலாம். பதிவானது பொது ஆவணம்தானே, அவரிடம் கேட்கவேண்டிய அவசியமில்லை.